தெரியும் என்றவர்

அருப்புக்கோட்டை காவல் நிலையத்தில், காணாமல்போன பைக்குக்காகப் புகார் கொடுக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைத் திருகியபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் மகனுக்கு ஆட்டிசம்யா. போன்ல ஆபாசப் படம் வந்து, எல்லாருக்கும் அனுப்புன்னு போட்டிருந்துச்சாம். அனுப்பிட்டான்,” என்றார் திருச்சுழியிலிருந்து கூட வந்திருந்த அவருடைய அம்மா.

“மூஞ்சியப் பாத்துப் பேசுறானா பாரு, களவாணிப்பய!” என்று உறுமிய எஸ்.ஐ., “அனுப்புறது தப்புன்னு தெரியுமாடா?” என்றார்.

“தெரியும் சார். இப்ப நீங்கதான சொன்னீக.”

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யாவின் பேனா “தெரியும்” என்பதோடு நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மிச்சத்தையும் எழுதுங்கய்யா! அதுதான பதிலு!” என்று கத்தினேன்.

“உங்க வண்டி கெடைக்கணுமா, வேணாமா?” என்றார் எஸ்.ஐ.

நான் வாய் திறக்குமுன், மின்விசிறியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: “கெடைக்கணும் சார்.”