நெட்ரா ஸ்காக்ஸின் முப்பதாம் ஆண்டுத் துப்பாக்கி

ப்ளெட்சோ உப்புக்கண்ட ஆலைக்குள் துப்பாக்கி நுழைந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். சாப்பாட்டு டப்பாவில் நுழைந்திருக்கிறது, கம்பூட்ஸுக்குள் நுழைந்திருக்கிறது, ஒரு தடவை பைபிள் உறைக்குள்கூட நுழைந்திருக்கிறது. ஆனால் முன்வாசல் மேசைக்கு நெட்ரா ஸ்காக்ஸ் வந்து உட்கார்ந்த பிறகு, அவள் கண்ணைத் தாண்டி ஒன்றும் போனதில்லை.

"கண்ணு, இடுப்புல என்ன?"

"பெல்ட்டு, மிஸ் நெட்ரா."

"பெல்ட்டுக்கு எதுக்குடா கைப்பிடி? வண்டியில வச்சிட்டு வா."

இளைஞனானாலும் கிழவனானாலும் இதே பதில்தான். ஒரு முறை ஷெரீப்பின் மைத்துனனைத் திருப்பி அனுப்பினாள். இன்னொரு முறை பன்றி விற்க வந்த தன் சொந்த அண்ணனை அனுப்பினாள். அவன் கோபித்துக்கொண்டு அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரவில்லை. சாப்பாடு மிச்சமானதுதான் பலன்.

அவளுக்குத் துப்பாக்கி பிடிக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. மேற்குக் கென்டக்கியில் பிறந்தவளைப் பற்றி அப்படி நினைப்பது, மீன்காரிக்கு மீன் ஆகாது என்பதைப் போல. செப்டம்பர் முதல் வாரம் சோளம் அறுத்த வயலில் புறா சுடப் போனால், அண்ணன்மார் இருவரின் பையும் சேர்ந்து அவள் பைக்கு ஈடாகாது. என்ன, சொந்தமாக ஒரு துப்பாக்கி இல்லை. எப்போதும் இரவல்.

ஆலைக்கு இந்த விதி வந்த கதையே தனி. நெட்ரா பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்த புதிதில், ஓரின் கேட்ஸ் என்பவனுடைய சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கைத்துப்பாக்கி உப்புத் தொட்டிக்குள் நழுவி விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பன்றித் தொடைகளோடு சேர்ந்து அதுவும் குளிர்காலம் முழுக்க ஊறியது. வசந்தத்தில் உப்பைத் தட்டியபோது வெளியே வந்தது. முதலாளி கிழவர் ப்ளெட்சோ அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் புகை போட்டிருந்தா இதையும் வித்திருக்கலாம்" என்றார்.

மறுநாளே விதி போட்டார். கட்டடத்துக்குள் துப்பாக்கி கூடாது. அவரவர் வண்டியில் பூட்டி வைத்துக்கொள்ளலாம், அதைத் தடுக்க அவருக்கும் இஷ்டமில்லை, பிற்பாடு மாநிலச் சட்டமும் தடுக்கவிடவில்லை. அதனால் மான் வேட்டை தொடங்கும் வாரத்தில் ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் கிடக்கும் ஆயுதங்களைக் கொண்டு ஒரு சின்ன நாட்டையே பிடித்துவிடலாம். உள்ளே மட்டும் காய்கறி நறுக்கும் கத்திக்குக்கூட நெட்ரா முகம் சுளிப்பாள்.

விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது, அதை வைத்தவரும் கிழவர்தான். ஆலையில் முப்பது வருடம் முடித்தவனுக்கு கேன்டீனில் கேக் வெட்டி, பேர் பொறித்த வேட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தன் கையால் கொடுப்பார். வாங்கியவன் அதைத் தோளில் வைத்துச் சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்ப்பான், எல்லோரும் கைதட்டுவார்கள். பெண்களுக்கு என்றால் மின்சாரப் பானை. காலையில் பீன்ஸைப் போட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வெந்திருக்கும். பொட்டலப் பிரிவு லொவெட்டா தன் பானையை வாங்கிக்கொண்டு, "இதைத் தோள்ல வச்சு எதைக் குறிபாக்கறது?" என்று கேட்டாள். கிழவர் சிரித்தார். பானை பானையாகவே இருந்தது.

நெட்ராவின் புருஷன் டெல்பர்ட்டுக்குப் புகைக் கிடங்கில் வேலை. போன வருடம்தான் அவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது. அதை டிவிக்கு மேலே மாட்டி, ஞாயிறுதோறும் துடைத்தான். சுட்டது இல்லை. நெட்ரா கேட்டால், "கீறல் விழும்" என்றான்.

அவளுடைய முப்பதாவது வருடம் அந்த ஆகஸ்டில் முடிய இருந்தது. தான் பானை வாங்குவதில்லை என்று அவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். கிழவர் செத்துப்போனதும், மகன்கள் ஆலையைச் சின்சினாட்டிக் கம்பெனிக்கு விற்றதும்தான் அவள் கணக்கில் இல்லாதவை.

புதுக் கம்பெனி கர்ட் வெஸ்ட்ஃபால் என்ற மேலாளரை அனுப்பியது. முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பிள்ளை. தொடைக்கறியின் உப்பு தாங்காமல் முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே திரிந்தான். கூடவே விதிப் புத்தகமும் வந்தது. துப்பாக்கி விஷயத்தில் பழைய விதிதான், ஆனால் விலக்கு இல்லை, கம்பெனி நிலத்தில் எங்கேயும் வண்டிக்கு வெளியே எடுக்கவும் கூடாது. கதவில் ஒட்ட, துப்பாக்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஒட்டுப்படமும் வந்தது. நெட்ராவே அதைக் கோணாமல் ஒட்டினாள்.

ஜூலையில் கர்ட் அவளைக் கூப்பிட்டான்.

"மிஸ் நெட்ரா, உங்க முப்பது வருஷத்துக்கு ஒரு பரிசு. இனிமே ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஒண்ணுதான்." சந்தோஷமாகப் பையைப் பிரித்தான். கம்பளிப் போர்வை. நடுவில் சிரிக்கிற தொடைக்கறிப் படம்.

"ஆகஸ்ட் மாசத்துல" என்றாள் நெட்ரா.

"ஏசி போட்டுக்கிட்டா..."

"ஜனவரில முப்பது முடிச்ச வெர்னானுக்கு என்ன குடுத்தாங்க?"

"அது பழைய முதலாளிங்க காலத்துல..."

"கைதட்டினது நாங்கதான் தம்பி. நானும் தட்டினேன். தட்டின கை இன்னும் மறக்கலை."

கர்ட் நியாயஸ்தன். தலைமை அலுவலகத்தோடு பேசினான். பேச்சு எங்கெங்கோ சுற்றி, அந்த வருடம் முப்பதை முடிப்பவர்களுக்கெல்லாம் வெர்னானுக்குக் கொடுத்த மாதிரித் துப்பாக்கியே என்று முடிவாயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்து சொன்னான்.

"ஆனா கேன்டீன்ல குடுக்க முடியாது. கடையில சொல்லி வைக்கிறேன், போய் வாங்கிக்குங்க."

"கடையில வாங்கறதுன்னா நானே எப்பவோ வாங்கியிருப்பேன். எனக்குக் குடுக்கணும். எல்லார் முன்னாடியும், ஆம்பளைங்களுக்குக் குடுத்த மாதிரி."

கர்ட் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அப்படின்னா ஒண்ணு பண்ணலாம். கேக் வெட்டற நேரத்துல நான் என் ரூம்ல போன்ல இருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க போன்ல இருப்பீங்க. நான் எங்க இருப்பேன்? வாசல்ல இருப்பேன். எனக்குத் தெரியுமே."

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே கதவைச் சாத்திக்கொண்டது அவளுக்கு உறைத்தது. ஷெரீப்பின் மைத்துனனைத் திருப்பி அனுப்பியவள், தனக்கென்று வந்தபோது கண்ணை மூடினாள் என்று ஆனால், நாளைக்கு எந்தப் பொடியனிடம் போய் இடுப்பில் என்ன என்று கேட்பது?

செய்தி புகைக் கிடங்கு வரை போய்விட்டது. அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் மேசைப் பக்கமாக ஒரு நடை நடந்தார்கள்.

"மிஸ் நெட்ரா, சரக்கு ஏத்தற வாசல் வழியா கொண்டாந்துடலாமே. தொடைக்கறித் துணியில சுத்திட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் ஓரின் கேட்ஸ்.

"அந்த வழியில உன்னை ரெண்டு தடவை பிடிச்சேன். இன்னும் புத்தி வரலையா?"

"அப்ப உப்புத் தொட்டியில போட்டுடலாம். வசந்தத்துல எடுத்துக்குங்க."

வீட்டில் டெல்பர்ட் தாராளம் காட்டினான். "வேணும்னா என்னுதை ஒரு நாள் கையில வாங்கிக்கோ."

"சுடவா?"

"துடைக்க."

அன்றைக்கு அவனுக்கு இரவுச் சாப்பாடு ஆறிப்போன சோள ரொட்டிதான்.

வழி சொன்னவள் லொவெட்டா. புகைபிடிக்கும் இடத்தில் நின்று, கேட்காத யோசனையாகச் சொன்னாள்: "ஊர்ல ஒருத்தன் விடாம வண்டிக்குத் துரத்தினியேடி. விருந்தையும் அங்கயே துரத்திவிடேன்."

வண்டிக்குள் பூட்டியிருந்தால் விதியில் குற்றம் இல்லை. கர்ட்டிடம் சொன்னதும், விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "மேசை நாலு வெளிய போடச் சொல்றேன்" என்றான்.

ஆகஸ்டின் கடைசி வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளை. வண்டி நிறுத்துமிடத்தின் நடுவில் நெட்ராவின் பழைய ப்யூக் கார், முந்தின நாள் கழுவியது. மேற்பார்வையாளர் ரேபர்ன் கடையிலிருந்து துப்பாக்கியை வாங்கிவந்து, பின் இருக்கையில் மெத்தைத் துணி விரித்து, நீல ரிப்பன் கட்டிக் கிடத்தி, கதவுகளைப் பூட்டிச் சாவியை நெட்ராவிடம் கொடுத்திருந்தார். காரின் முன்மூடியில் கேக். ஆட்டுக்கறி பார்பெக்யூ தனி மேசையில்.

வெள்ளை அங்கியும் தலைவலையுமாக ஆலை முழுவதும் வெளியே வந்து வரிசை கட்டியது. ஒவ்வொருவராகக் காரைச் சுற்றிவந்து, கண்ணாடி வழியே குனிந்து பார்த்து நகர்ந்தார்கள். அந்த ஊரில் இப்படி வரிசையில் நின்று குனிந்து பார்ப்பது ஒரே ஓர் இடத்தில்தான், செத்தவரைக் கிடத்தியிருக்கும் கூடத்தில். பழக்கதோஷத்தில் சிலர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

"எவ்வளவு அமைதியா படுத்திருக்கு பாரு" என்றான் ஓரின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உசுரோட இருக்கற மாதிரியே இருக்குடி" என்றாள் லொவெட்டா.

டெல்பர்ட் கண்ணாடியில் மூக்கை அழுத்தினான். "பேரு எங்க பொறிச்சிருக்கு?"

"அந்தப் பக்கம்."

"திருப்பிக் காட்டேன்."

"பூட்டியிருக்கு."

கர்ட் காரைப் பார்த்துக் கை நீட்டிச் சொற்பொழிவு ஆற்றினான். எல்லோரும் கைதட்டினார்கள். நெட்ரா சிரித்துக்கொண்டு நின்றாள், கையில் கேக் தட்டு. அவளுக்குத் திடீரென்று அந்தத் தட்டின்மேல் வெறுப்பு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் கையில் வாங்கினார்கள். தோளில் வைத்தார்கள். இவளுக்கு மட்டும் எட்டி நின்று பார்க்கக் கொடுத்திருக்கிறது. விதியைக் காப்பாற்றியாயிற்று, துப்பாக்கிதான் வந்து சேரவில்லை.

உள்ளூர் வாரப் பத்திரிகையின் கார்னெட் கேமராவை இறக்கினான். "கண்ணாடியில என் மூஞ்சிதான் விழுது, மிஸ் நெட்ரா. வெளிய எடுத்துப் பிடிங்க, ஒரே ஒரு படம்."

"எடு நெட்ரா!"

"ஒரு நிமிஷம்தானே!"

"வெளியதான நிக்கறோம், கட்டடமா இது?"

கர்ட் வானத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். அவன் பார்க்கப் போவதில்லை. யாருமே ஒன்றும் சொல்லப் போவதில்லை. நெட்ரா சாவியைக் கையில் உருட்டினாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள், வாசலுக்கு வெளியே ஓடும் பள்ளத்தைப் பார்த்தாள். கேக் தட்டைக் கர்ட்டின் கையில் திணித்தாள்.

"இதைப் பிடிங்க. முன்மூடியில இருக்கற கேக்கையும் யாராவது தூக்குங்க."

காரில் ஏறிக் கிளப்பினாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று டெல்பர்ட் பதறிப் பின்னால் ஓடினான். ப்யூக் ஆலை வாசலைத் தாண்டி, சாலையைக் குறுக்கே கடந்து, எதிரே இருந்த பாப்டிஸ்ட் சர்ச்சின் சரளைத் திடலில் ஏறி நின்றது. கம்பெனி நிலம் பள்ளத்தோடு சரி. இந்தப் பக்கம் கர்த்தருடையது.

நெட்ரா இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். ரிப்பனை அவிழ்த்தாள். துப்பாக்கியை மடித்துக் குழல் காலிதானா என்று பார்த்து, மூடி, தோளில் வைத்து, மேலே போன ஒரு சின்ன மேகத்தைக் குறிபார்த்தாள். எடை சரியாக இருந்தது. கட்டை அவள் கன்னத்துக்கென்றே செதுக்கியது போல வந்து உட்கார்ந்தது.

அங்கே பள்ளத்தைத் தாண்டி மொத்த ஆலையும் வந்துகொண்டிருந்தது. வெள்ளை அங்கிகளும் தலைவலைகளும் ஆட்டுக்கறிப் பாத்திரமும் தட்டுகளுமாக அந்தக் கூட்டம் சாலையைக் கடந்தபோது, சோளம் ஏற்றிவந்த லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியை எடுத்தான். சவ ஊர்வலம் என்று நினைத்திருப்பான்.

"ஆலையில இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார் ரேபர்ன்.

"தொடைக்கறிங்க இருக்கு. ஓடிடாது" என்றாள் லொவெட்டா.

சத்தம் கேட்டுப் பாஸ்டர் வெளியே வந்தார். "நெட்ரா! என்னம்மா இது?"

"என்னுது, பாஸ்டர்."

அவர் அருகில் வந்து பார்த்தார். "குழல் இருபது கேஜா?"

"இருபதுதான்."

"புறாவுக்கு அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஆட்டுக்கறிப் பக்கம் நகர்ந்தார்.

கர்ட் மட்டும் பள்ளத்தின் அக்கரையில் கேக் தட்டோடு நின்றான். இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கடைசியில் அவனும் தாண்டினான். ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது.

கார்னெட் கேமராவை உயர்த்தினான். டெல்பர்ட் மூச்சிரைக்க வந்து, அவள் பக்கத்தில் நின்று, துப்பாக்கியின்மேல் ஒரு கையை வைத்துச் சிரித்தான்.

"டெல்பர்ட், தள்ளிக்கோ" என்றாள் நெட்ரா.

"நான் உன் புருஷன்டி."

"அதான் சொல்றேன். தள்ளிக்கோ."

தள்ளிக்கொண்டான். படம் எடுத்தாயிற்று. கார்னெட் குறிப்பெடுக்கத் தொடங்கினான். "திருமதி டெல்பர்ட் ஸ்காக்ஸ்..."

"அழி. இதுல என்ன பொறிச்சிருக்கோ அதை எழுது." துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினாள். நெட்ரா ஸ்காக்ஸ் என்று இருந்தது.

"டெல்பர்ட் அண்ணன் பேரு எங்கயாவது வேணாமா?"

நெட்ரா யோசித்தாள். "அடியில போடு. கணவர் டெல்பர்ட், படத்தில் இல்லை."

வியாழக்கிழமை பத்திரிகையில் அப்படியே வந்தது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. அது யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.