மூன்று மெடிக்கல் தாண்டியவர் படித்த ரிப்போர்ட்

என் கண்ணும் தோலும் மஞ்சளித்தபோது ஊரார் கவனித்தது என் நிறத்தைத்தான். கருங்கல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அடுத்த வீட்டு அக்கா, "மாப்பிள லீவுல வந்ததும் வந்தாரு, நல்ல நிறம் வச்சிட்டியே மக்கா" என்றாள். வாரக்கணக்காகச் சோறு இறங்காமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, நான் அழகியாகிவிட்ட செய்தி அப்போதுதான் தெரிந்தது.

அது 2007. என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். விசா மாற்றிப் புதிய கம்பெனிக்குப் போவதற்காக ஊருக்கு வந்திருந்தார். கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன், உப்பில்லாமல் பத்தியம் இருந்தேன். மஞ்சள் அசையவில்லை. நாகர்கோவில் டாக்டர், தொற்றிவரும் காமாலைகள் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஆன்டிபாடி டெஸ்ட் என்று சிலதை எழுதிக் கொடுத்தார். ரத்தம் சென்னைக்குப் போய், ரிப்போர்ட் திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்தில் ரிப்போர்ட் படிக்க டாக்டர் தேவையில்லை. கல்ஃபுக்குப் போய்வந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். விசாவுக்கு முன்னால் மெடிக்கல் என்று ஒரு உடல் பரிசோதனை உண்டு. அதில் வரிக்கு வரி நெகட்டிவ் என்று இருக்க வேண்டும். ஒரு பாசிட்டிவ் விழுந்தால் அன்ஃபிட், வழியனுப்ப அடித்த ஆடு வீண். என் கணவர் மூன்று மெடிக்கல் தாண்டியவர். அந்தத் தகுதியில் பஸ் ஸ்டாண்டில் நின்றே என் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்தார். அணுக்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி பாசிட்டிவ். மென்தசைக்கு எதிரானது பாசிட்டிவ். மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரானது மட்டும் நெகட்டிவ்.

"ரெண்டு பாசிட்டிவ் கெடக்கு" என்றார், சாவு சொல்ல வந்தவர் முகத்தோடு. "ஏட்டி, நீ அன்ஃபிட்டு."

அன்று முதல் என் தட்டும் டம்ளரும் தனி. அவருடைய தலையணை முன்னறைக்குக் குடிபோனது. என் கையால் டீ வாங்கினால் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அதே கையால் நான் வைத்த மீன்குழம்பை மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். தேங்காய் அரைத்த குழம்பில் அந்தக் கிருமி பிழைக்காது போலும்.

டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது ஒட்டிக்கிடுமா சார்?"

"ஒட்டாது. இது வெளியில இருந்து வந்த கிருமி இல்ல. உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரனே ஈரலைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறான்" என்றார் டாக்டர். பாசிட்டிவ் என்றால் அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். நோயில்லாத சிலருக்கும் அது இருக்கும் என்றார். மைட்டோகாண்ட்ரியா நெகட்டிவ் ஆனதால் பித்தக்குழாயைக் கெடுக்கும் இன்னொரு நோய்க்கு வாய்ப்புக் குறைவு. இந்தத் தாளை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது; மற்ற அளவுகளும் ஏறியிருப்பதால் ஈரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று அதில்தான் தெரியும் என்றார்.

எனக்குப் புரிந்தது. பயமாகவும் இருந்தது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஈரல் முழுக்கத் தழும்பாகியிருந்தால் அவளை யார் வளர்ப்பார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. கணவரோ டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் அழகாகத் தலையாட்டிவிட்டு, மாடிப்படி இறங்கும்போது தீர்ப்பு சொன்னார்: "டாக்டருமாரு அப்படித்தான் சொல்லுவாவ. மெடிக்கல்ல பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான்."

ஊசி போட்ட அன்று வலது பக்கமாக அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மத்தியானம்தான் வந்தார். டீக்கடையில் அவ்வளவு கூட்டமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முடிவு தெரியும் நாள். என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ரிப்போர்ட் வாங்க அவர் கவுண்டருக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது, கண்கூடக் கலங்கியிருந்தது.

"எல்லாம் நெகட்டிவ், ஏட்டி. ஒரு பாசிட்டிவ்கூட இல்ல."

மாதாவே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"அப்போ ஈரல்ல தழும்பு இல்லியா?" என்று கேட்டேன்.

"ஈரலா? இது எனக்க ரிப்போர்ட்லா. உனக்கு ஊசி போட்ட அன்னைக்கு நானும் ரத்தம் குடுத்தேன், மெடிக்கலுக்கு உள்ள எல்லா டெஸ்டும். நான் ஃபிட்டு."

"எனக்கு உள்ளது?"

"அத இந்தச் சந்தோசத்துல கேக்க மறந்துட்டேன்."

அவர் என் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நான் உருவிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கவுண்டருக்கு நடந்தேன்.