நிரை தாண்டி வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை பதுளையில் கூட்டம். பெண்களுக்கும் வோட்டு வேண்டும் என்று கேட்கிற கொழும்பு அம்மாமார் வருவதாகக் கடைவீதியில் கேள்விப்பட்டோம். நானும் என் கூட்டாளியும் அதை எங்கள் தேயிலைத் தோட்டமெங்கும் பரப்பினோம். பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தியையும் விடவில்லை. கூட்டத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்காக நான் பேசுவதென்று முடிவு. எனக்கு வாய் நீளம் என்பது எல்லா லயத்து வீட்டுக்கும் தெரிந்த சங்கதி.

சனிக்கிழமை மலையில், எங்களை வேலை வாங்கும் கங்காணி கம்போடு என் பின்னால் வந்து நின்றான். கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைச் செடி, கொடுப்பார்கள். நிரை முடியாமல் அடுத்தவள் நிரைக்குள் கால் வைத்தால் அன்றைய கூலி கிடையாது. முந்தின வருஷம் ஒருத்தி மயங்கி விழுந்தபோதுகூட யாரும் தாண்டவில்லை. எனக்காகவும் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம் அவனுக்கு.

முதல் அடி முதுகில் விழுந்தது. கூடையோடு குப்புற விழுந்தேன். அவன் என் தலைமுடியைப் பிடித்துத் திருப்பினான்.

"நாளைக்கு எந்த வாயால பேசுறேன்னு பாக்குறேன்டி."

கம்பு என் வாய்க்கு வந்தது. பட்டதோ என் கூட்டாளியின் கண்ணில். ஐந்து நிரை தாண்டி, செடிகளை முறித்துக்கொண்டு ஓடி வந்து நடுவில் விழுந்திருந்தாள். முகமெல்லாம் இரத்தம். அப்படியே அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். கம்பு நழுவியது. நான் எடுத்தேன். அவன் முழங்காலில் அடித்தேன், அவன் விழுந்த பிறகும் அடித்தேன். பாவம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

தோட்டத்துத் துரையிடம் நான்தான் அடித்தேன் என்று கத்தினேன். அவர் கங்காணியின் கையிலிருந்த பல் தடத்தையும் அவள் வாயிலிருந்த இரத்தத்தையும் பார்த்தார். எல்லாம் அவள் வேலைதான் என்று அவளைத் தோட்டத்தைவிட்டு விரட்டினார். அவள் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு மூட்டை கட்டப் போனாள்.

மறுநாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு பதுளைக்கு நடந்தாள். ஒரு கண் முழுக்க மூடிக்கிடந்தது. கூட்டம் நடந்த மண்டபத்தில் எழுந்து நின்று பேசினேன். கொழுந்து பறிக்கிறவளுக்கு வோட்டு எதற்கு என்று ஒரு சீமாட்டி மெல்லக் கேட்டாள். என் கூட்டாளி முகத்தை மூடியிருந்த முந்தானையை எடுத்தாள். மூடிக்கிடந்த கண்ணை அந்தம்மாவுக்கு நேராகக் காட்டினாள்.

வெளியே வந்ததும் அழுகையை அடக்க முடியாமல் அவள் காலைத் தொடக் குனிந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தி, பளாரென்று ஒரு அறை விட்டாள்.

"கும்புடுறதுக்கா ஒன் வாயக் காப்பாத்துனேன்? போயி மத்தவளுககிட்டப் பேசுடி."

மொனராகலையில் இருந்த அக்காளிடம் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி நொண்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் முன்னாலேயே, பக்கத்தில் நின்றவளிடம் நான் வோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.