அரை நாள் டீச்சர்

என் அம்மா ஞானசெல்வி டீச்சர் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியது 1958இல். அந்தப் பிரசவத்தில் பிறந்த வேளாங்கண்ணி நான்தான். ஆகவே இந்த விவகாரத்தில் நான் வெறுமனே கதை சொல்கிறவள் இல்லை, பாதிக்கப்பட்ட கட்சி. கைக்குழந்தைக்கு ஞாபகம் ஏது என்று கேட்பீர்கள். அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. எதிர்த்தரப்பில் பேச இப்போது யாரும் இல்லை, அதனால் என் இஷ்டத்துக்குத்தான் சொல்வேன்.

பள்ளிக்கூடம் குருசடிப்பட்டியில், கோவிலை ஒட்டி இருந்தது. ஆவூர்ப் பக்கத்துப் பழைய வேதக்கார ஊர்களில், அதாவது கிறிஸ்தவ ஊர்களில், அதுவும் ஒன்று. ஐந்து வகுப்பு, ஒரே கூடம், இரண்டு பேர். பெரிய வாத்தியார் தைரியநாதன் மேல் வகுப்பு மூன்றையும் பார்ப்பார். ஒன்றும் இரண்டும் அம்மாவுக்கு. பங்குச் சாமியார் மரிய அந்தோணிதான் பள்ளிக்கூடத்துக்கும் மேனேஜர். எங்கள் வீடு கண்மாய்க்கு அந்தக் கரையில். மத்தியான மணி அடித்ததும் ஓடினால்கூட வாசலை மிதித்துவிட்டுத் திரும்பத்தான் நேரம் இருக்கும்.

பகலில் என்னைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு மூக்காயி. சங்கில் பசும்பால் புகட்டிப் பார்த்தாள், கஞ்சித் தண்ணீர் புகட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவள் முகத்திலேயே துப்பினேனாம். காலையில் அம்மா கொடுத்துவிட்டுப் போவதோடு சரி. அப்புறம் பொழுது சாயும்வரை வீறிட்ட அழுகைதான். இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அந்த வருடம் பள்ளிக்கூடம் முழுக்கக் கக்குவான் இருமல்.

அங்கே அம்மாவுக்குப் பத்து மணிக்கே பால் கட்டிக்கொள்ளும். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தத்துக்கு நடுவில் நான் அழுகிற மாதிரியே கேட்குமாம். உடனே ரவிக்கை நனைந்துவிடும். ஒரு சிலேட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடம் நடத்துவாள். சிலேட்டுக்குச் சொந்தக்காரி எழுத ஒன்றுமில்லாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவுக்குப் பொன்னமராவதியில் ஜவுளிக்கடை வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார். நான் இளைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்து, "முடியலேன்னா விட்ரு செல்வி. புள்ளதான முக்கியம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வம்சத்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள். டிரெயினிங்குக்குத் திருச்சி போக, சோறு தின்னாமல் கிடந்து அடம்பிடித்தவள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாதா என்று வீம்பு. "வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம் குடுங்க. அதுக்குள்ள ஒரு வழி பண்ணலேன்னா விட்டுர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாளே சாமியார் பங்களாவுக்குப் போனாள். மரிய அந்தோணி சாமி கோவிலில் இடி மாதிரி பிரசங்கம் பண்ணுவார். ஆனால் ஒரு பெண் எதிரே வந்து நின்றால் வாசல் தென்னை மரத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"தோத்திரம் சாமி. கொஞ்ச நாளைக்கு மத்தியானத்தோட வீட்டுக்குப் போறேன் சாமி."

"எதுக்கும்மா?" என்று தென்னையைக் கேட்டார் சாமி.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு சாமியாரிடம், அதுவும் இந்தத் தாடிக்காரரிடம், அதை எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள். "வீட்ல ஆடு குட்டி போட்ருக்கு சாமி. குட்டிக்குப் பால் காட்டணும்."

"தாயாடு இருக்குல்ல?"

"இருக்கு சாமி."

"அப்ப அது பாத்துக்கும். நீ எதுக்கு? பள்ளிக்கூடத்தப் பாரு."

அம்மா கண்மாய்க் கரையில் அழுதுகொண்டே வந்தாள். பாதி வழியில் சிரிப்பும் வந்துவிட்டதாம். தாயாடே தான்தான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லையே!

மூக்காயி நம் வேதம் இல்லை. அவளுக்குச் சாமியார் பேரில் பயமும் இல்லை. "ஏத்தா, அந்த மரக்கூண்டுக்குள்ள அவர ஒக்கார வச்சு நீங்க எல்லாத்தையும் சொல்லுவீகளாமே? திருட்டு, புரட்டு, புருசன்கிட்ட போட்ட சண்ட, அம்புட்டையும்? அதெல்லாம் சொல்ற வாயி புள்ளைக்குப் பால் குடுக்கணும்னு சொல்லாதாக்கும்?"

அவள் சொன்னது, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியை. சாமியார் உள்ளே இருப்பார், சொல்கிறவர்கள் பக்கவாட்டில் முழங்காலில் இருப்பார்கள், நடுவில் துளைபோட்ட பலகை. முகம் தெரியாது. அம்மாவுக்கு இது சரியாகப் பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் போய் நின்றாள்.

முறைப்படி ஆரம்பித்தாள். கோபப்பட்டது, மூக்காயியின் வளையலைப் பார்த்துப் பொறாமைப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தாள். "இன்னொன்னும் இருக்கு சாமி. என் புள்ள வேற எதையும் குடிக்க மாட்டேங்குறா. எனக்கு மார்ல பால் கட்டி வலி உசிர் போகுது. வகுப்புலயே சேல நனஞ்சு போகுது. மத்தியானம் போனாத்தான் புள்ள பொழைக்கும். போக விடலேன்னா நான் வேலைய விடணும். எனக்கு வேல வேணும் சாமி."

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ஆள் எழுந்து போய்விட்டாரோ என்று பயந்துபோனாள்.

கடைசியில் குரல் வந்தது. "இதுல பாவம் எங்கம்மா இருக்கு?"

"பாவம் இல்ல சாமி."

"பின்ன ஏன் இங்க சொல்ற?"

"வெளிய சொல்ல வெக்கமா இருக்கு சாமி."

சாமி பெருமூச்சு விட்டார். "இங்க கேட்டத நான் இங்கயே விட்டுட்டுப் போகணும்மா. இத வச்சு வெளிய ஒண்ணும் செய்யக் கூடாது. மேனேஜருக்கு இது தெரியாது. தெரியவே தெரியாது."

வெட்கத்தை விட்டுச் சொன்னதெல்லாம் வீண். கேட்டவர் மேனேஜரேதான், ஆனால் மேனேஜர் கேட்கவில்லை! நாளைக்கு அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? எழுந்திருக்கப் போனாள்.

"இரு. எல்லாப் பாவத்தையும் சொல்லிட்டியா? பொய்யி கிய்யி ஏதாவது?"

அம்மா யோசித்தாள். "ஒண்ணு சொன்னேன் சாமி. ஆடு குட்டி போட்டதா."

"அதானே!" சாமியின் குரலில் திடீரென்று ஒரு உற்சாகம். "பொய் பாவம்மா. அதுக்கு அபராதம் உண்டு. யார்கிட்ட பொய் சொன்னியோ, அந்த ஆளுகிட்டயே போயி நெசத்தச் சொல்லணும். நாளைக்கே சொல்லணும்."

அன்று ராத்திரி அப்பா வந்து கேட்டதற்கு, "நாளைக்குப் பூச முடியட்டும்" என்று மட்டும் சொல்லிப் படுத்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்தது. பங்களா வாசலில் சாமியோடு பெரிய வாத்தியார் தைரியநாதனும் நின்றிருந்தார். வாத்தியார் போகட்டும் என்று அம்மா வேப்பமரத்தடியில் நின்றாள். அவரோ கொடிமரத்துக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கோவில் வாசலில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா நின்றார். நான் பசியில் அலறிக்கொண்டிருந்தேன். அது என் பங்கு.

அம்மா விறுவிறுவென்று போனாள். "சாமி, அன்னைக்கு நான் சொன்னது பொய். எங்க வீட்ல ஆடே கெடையாது. நான்தான் எம் புள்ளைக்குப் பால் குடுக்கணும். அதுக்குத்தான் மத்தியானம் போகணும்."

"அப்புடியாம்மா! எனக்குத் தெரியாதே!" என்றார் சாமி. அவ்வளவு மோசமான நடிப்பைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்பாள் அம்மா. சாமிக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனால் அன்றைக்கு அவர் தென்னையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

பெரிய வாத்தியார் குறுக்கே விழுந்தார். "அதெப்புடிங்க சாமி? மத்தியானம் அஞ்சு வகுப்பையும் நானே கட்டி மேய்க்கிறதா?" அவர் கவலை வேறு. மத்தியானத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அம்மாவிடம் தள்ளிவிட்டு அவர் தன் முந்திரித் தோப்புக்குப் போய்விடுவது ஊரறிந்த விஷயம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட அம்மாவுக்கு அதற்கப்புறம் யார் பேரிலும் பயம் இல்லை. "ஒங்களுக்கு மூணுதான் சார். சின்ன வகுப்பு ரெண்டையும் நான் எட்டு மணிக்கே ஆரம்பிச்சு மத்தியானத்தோட முடிச்சு அனுப்பிர்றேன். அதுக சாப்புட்டு வந்தா தூங்கத்தான செய்யுதுக? வேணும்னா சம்பளத்துல கொறச்சுக்கங்க சாமி."

"எட்டு மணிக்கே வாரவளுக்கு எதக் கொறைக்கிறது?" என்றார் சாமி. "எத்தன நாளைக்கும்மா?"

"அவ கேப்பக்கூழு குடிக்கிற வரைக்கும் சாமி."

"சரி, போ. நாளையிலேருந்து எட்டு மணி." பெரிய வாத்தியார் வாயைத் திறந்தார். சாமி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

வீடுவரை அப்பாவே என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில், "எட்டு மணின்னா சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். வேலையை விடும் பேச்சு அதோடு தீர்ந்தது.

திங்கள் மத்தியானம். கடைசிப் பிள்ளையையும் அனுப்பிவிட்டு அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடினாள். ஒரு டீச்சர் அப்படி ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. மூக்காயி வாசலில் நான் முகம் கறுத்துப்போய்க் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா சாக்பீஸ் கையோடு என்னை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏ கழுத, குடி. இதுக்காகத்தான் ஒங்காத்தா சாமியாரோட மல்லுக்கு நின்னுட்டு வந்துருக்கா" என்றாள் மூக்காயி.

அம்மா சிரித்தாள், அப்புறம் அடக்கமாட்டாமல் அழுதாள். எழுந்து போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், ஒரு பள்ளிக்கூட நாளில், பகல் வெளிச்சத்தில் அவள் என்னோடு உட்கார்ந்தது வேலைக்குத் திரும்பிய பிறகு அதுதான் முதல் தடவை. நான் வயிறு முட்டக் குடித்து, அவள் மடியிலேயே தூங்கிப்போனேனாம்.