அக்கா பெயரில் ஒரு லைக்கன்

என் அக்காவுக்கு ஓயாத வயிற்றெரிச்சல். டாக்டர் அதை அல்சர் என்று நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த எரிச்சல் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு தினமும் எதிர் மேசையில் வந்து உட்காருகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எதிர் மேசைக்காரருக்கு எங்கள் வீட்டில் மழைக்கோட்டு என்று பெயர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த மஞ்சள் கோட்டைக் கழற்றமாட்டார். இப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டுமாம். அக்கா அப்படித்தான் சொல்கிறாள். சட்டையை இஸ்திரி போடச் சோம்பல் என்றும் ஒருநாள் சொன்னாள். எதுவாக இருந்தாலும் அவர் செய்தால் அவளுக்கு ஆகாது.

இரண்டு பேரும் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் லைக்கன் பார்ப்பவர்கள். மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காய் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம் என்பாள் அக்கா. மரத்துக்கு வந்த படர்தாமரை என்பேன் நான். அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்குக் காப்பி கிடைக்காது. பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற எனக்கு இவ்வளவு தெரிந்ததே பெரிய விஷயம்.

அக்கா வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உலகம் அறியாத புது லைக்கன் ஒன்றுகூட அவள் கையில் சிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த மழைக்கோட்டுக்கு ஏழு சிக்கிவிட்டது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெயர் வைக்கிற விஷயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது இனத்தைக் கண்டுபிடித்தவர் அதற்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் ஊர் சிரிக்கும். இன்னொருவர் பார்த்து வைத்தால்தான் கௌரவம். எங்கள் மலைப்பக்கத்தில் லைக்கன் பார்க்கிற இன்னொருவர் மழைக்கோட்டு மட்டும்தான். ஆக, அக்காவின் பெயர் ஒரு லைக்கனுக்கு வர வேண்டுமென்றால் அந்த மனுஷன் மனசு வைக்க வேண்டும். அவர் தன் பேராசிரியர் பெயரை வைத்தார். மாமியார் பெயரை வைத்தார். அது உளி வைத்துத் தட்டினாலும் பாறையை விட்டு வராத ரகம், பொருத்தம்தான். அடுத்து ஜீப் டிரைவர் பெயரை வைத்தார்.

"டிரைவருக்கு இருக்குடி!" என்று அன்றைக்கு அக்கா கத்தினாள். "அந்த ஆளு அது மேலயே நின்னுக்கிட்டு, எங்க சார் இருக்குன்னு கேட்டானாம்!"

இந்த வருடம் மலை உச்சிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார் இயக்குநர். அக்காவின் முழங்காலைக் காரணம் காட்டி மழைக்கோட்டை அனுப்பினார். பத்து நாள் கழித்து அட்டைக்கடியும் சேறுமாகத் திரும்பி வந்தவர் பொட்டலங்களை அக்கா கண்ணில் காட்டவே இல்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போதுகூட அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். பரீட்சையில் விடையை மறைக்கிற பையன் மாதிரி. எட்டாவது கிடைத்துவிட்டது, புதன்கிழமைக் கூட்டத்தில் அறிவிக்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பியது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குள் போனாள். "இங்க வாடி, சீக்கிரம்!"

அவள் கையில் நகக்கண் அளவு சாம்பல் துணுக்கு. மழைக்கோட்டின் மேசைக்கடியில் உதிர்ந்து கிடந்ததாம். பிளேடால் லேசாகச் சுரண்டினாள். துணி வெளுக்க நான் அன்று காலையில்தான் வாங்கி வைத்திருந்த பிளீச்சில் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விட்டாள். செக்கச்செவேலென்று சிவந்தது.

"பாத்தியா? சிவந்திடுச்சு! பிளீச் பட்டா இப்படிச் சிவக்கிறது அடிவாரத்துல எல்லா மரத்துலயும் கெடக்கிற பழைய சங்கதி. புதுசுன்னா சிவக்காம இருக்கணும். குளிருல கொஞ்சம் தடிப்பா வளர்ந்திருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப அவர் எப்படிப் புதுசுன்னு..."

"அவன் விட்டப்போ சிவக்கல. ஏன் சிவக்கல? அவன் பிளீச் பாட்டில் மழைக்கு முன்னாடி வாங்கினது. மோந்து பாத்தேன், வாசனையே இல்ல. வெறும் தண்ணி. தெரிஞ்ச லைக்கன் மேல ஒரு சொட்டு விட்டு பாட்டிலைப் பரிசோதிச்சுட்டுத்தான் புதுசத் தொடணும். முதல் நாள் பாடம் அது. அவசரக்குடுக்கை!"

"பாவம்க்கா, சொல்லிடு."

"நான் எதுக்குச் சொல்லணும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? புதன்கிழமை அவன் பேசி முடிக்கட்டும். நான் எழுந்து, ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாமான்னு கேக்கறேன். எல்லாரும் பாக்கட்டும்."

அன்றிரவு கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கேள்வியைப் பல குரலில் கேட்டுப் பார்த்தாள். பணிவான குரலையே கடைசியில் தேர்ந்தெடுத்தாள். அதுதான் ஆழமாக இறங்குமாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் மழைக்கோட்டு நிற்கிறார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"மேடம், நாளைக்குக் கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு வந்தேன். அந்தப் புதுசுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்து, "என் பேரா?" என்றாள். அவளுடைய குரலே இல்லை அது.

"லத்தீன்ல பின்னாடி ஒரு வால் ஒட்டிக்கும். மத்தபடி உங்க பேருதான்."

"சொல்லுங்க, எப்படி வரும்?"

அவர் சொன்னார். அக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தன. காப்பி போடுகிறேன் என்று விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, தயவுசெஞ்சு வாயைத் திறக்காத. அந்த உச்சிக்கு இனிமே யாரு ஏறப்போறா? ஏறினாலும் யாரு சொட்டு விடப்போறா? பேரு உனக்கு வந்தாச்சு. பேசாம வாங்கிக்கோ."

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன். "எத்தனை வருஷம்டி..." என்றாள். கண் நிறைந்துவிட்டது. அவள் அதை எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கூடத்துக்குத் திரும்பியபோது கையில் காப்பி இல்லை, பிளீச் பாட்டில் இருந்தது.

"துண்டு ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?"

காட்டுவதற்கென்றே ஒரு தீப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அக்கா சுரண்டினாள், சொட்டு விட்டாள். சிவந்தது. மழைக்கோட்டு குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"உங்க பாட்டில் செத்துப்போச்சு. மோந்து பாருங்க," என்றாள் அக்கா.

"எப்ப கண்டுபிடிச்சீங்க மேடம்?"

இப்போதுதான் என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"நேத்து," என்றாள். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொட்டு விடலாம்னு இருந்தேன். உங்களுக்கு ஏழு இருக்கு, எனக்கு ஒண்ணுகூட இல்ல. பொறாமை. வேற என்ன?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் தீப்பெட்டியை மெதுவாக மூடினார்.

"நான் எதையும் உங்ககிட்ட காட்டறதில்லையே, ஏன்னு நினைச்சீங்க?"

"திமிருன்னு நினைச்சேன்."

"பயம் மேடம். சேர்ந்த புதுசுல ஒரு பை நிறைய கொண்டாந்து உங்க மேசையில கொட்டினேன், ஞாபகம் இருக்கா? நீங்க பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கல. ஒண்ணொண்ணா பாத்து, இது இது, அது அதுன்னு பேரு சொல்லிட்டீங்க. எல்லாமே பழசு. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடல. இவங்க கண்ணு எனக்கு ஏன் இல்லன்னு அப்ப எரிய ஆரம்பிச்சது. இன்னும் எரியுது. இந்தப் பேரை வைக்கவே எனக்கு லேசுல மனசு வரல."

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். படியிறங்கும்போது, நாளைக்குப் பேச்சை ரத்து செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவைச் சாத்திவிட்டு நான் அவள் பக்கம் திரும்பவே பயந்தேன். கைக்கு வந்த பெயரைத் தானே அழித்துவிட்டு நிற்கிறவளிடம் என்ன பேசுவது? சாப்பாட்டை எடுத்து வைத்தேன். வந்து உட்கார்ந்தாள்.

"அவன் என்னடி சொன்னான்?"

"எதை?"

"எரியுதுன்னு சொன்னானே."

"ஆமா, சொன்னாரு."

"அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம."

சொன்னேன். இவங்க கண்ணு எனக்கு ஏன் இல்ல என்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

"அன்னைக்கு சாப்பிடலையாமா?"

"சாப்பிடலையாம்."

"நிஜமாவே?" என்று கேட்டுக்கொண்டே அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாம் தடவையாகத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள்.