ராசாங்கம் கட்டிய மிதவை

ராசாங்கம் விவரமானவனா, விவரங்கெட்டவனா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. செந்துறையில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலில் சொந்தமாகக் கொல்லை நிலம் வாங்கியவன் அவன்தான். நான் பக்கத்துக் கொல்லைக்காரன்.

2003-இல் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி பூவெடுத்த நேரத்தில் செடிகள் தலை தொங்கின. சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில் தண்ணீர் கிடந்தது, ஆனால் ஆழத்தில். மேலே கரையில் இறைக்கும் இஞ்சினை வைத்தால் தண்ணீரை இழுக்காது. தண்ணீரில் மிதக்கும் மேடை கட்டி, அதன்மேல் இஞ்சினை வைக்கக் கிளம்பினான் ராசாங்கம்.

"நீச்சல் தெரியாதவனுக்கு ஏன்டா இந்த வேலை?" என்றேன்.

"மெதக்கப்போறது நானா? ட்ரம்முதான!"

பள்ளத்துக்குள் இறங்கும் பாதை குறுகல். அதனால் மேடையை ஆறு துண்டாகச் செய்து, உள்ளே கொண்டுபோய் போல்ட்டு போட்டுச் சேர்ப்பதாகத் திட்டம். ஒவ்வொன்றும் ஓர் இரும்புச் சட்டம், அடியில் காலி ட்ரம். பட்டறை வாசலில் எல்லாவற்றையும் ஒட்டினாற்போல் வைத்து, இரண்டிரண்டு சட்டமாகச் சேர்த்துப் பிடித்தே துளை போட்டான். டிரெய்லருக்கு அப்படித்தான் போடுவான். டிரெய்லரை யார் பிரிக்கிறார்கள்? ஒவ்வொரு ஜோடிக்கும் துளை ஒவ்வொரு இடத்தில் விழுந்ததால், எது எதோடு சேரும் என்று சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிரித்துவைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது இரும்பைச் சாமி கும்பிடாமல் வேலைக்கு விடலாமா? அவன் மனைவி மலர்க்கொடி காலையிலேயே எல்லாத் துண்டையும் தேய்த்துக் கழுவி, விபூதி பூசி, குங்குமம் வைத்திருந்தாள். ராசாங்கமும் பக்தியோடு கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியில் ஏற்றினான்.

பள்ளத்தில் ஒன்றும் சேரவில்லை. இப்படித் திருப்பினோம், அப்படிப் புரட்டினோம். ஒரு துளை நேராக வந்தால் அடுத்தது விலகி நின்றது. தப்பித் தவறிச் சேர்ந்த இரண்டையும் வேறு யோசனையில் கழற்றிவிட்டு, மறுபடி சேர்க்கத் தெரியாமல் விழித்தோம்.

சோறு கொண்டுவந்த மலர்க்கொடியிடம் கத்தினான். "நான் போட்ட குறி எங்கடி?"

"கிறுக்கல்னு நெனச்சிட்டேங்க. அழுக்கு மேலயா குங்குமம் வைக்கிறது?" சோற்றுக் கூடையை இறக்கிவைத்தாள். "செடி போயிடுமாங்க?"

எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம். "கற்பூரத்த ஒத்திக்கிட்டு நின்னியே, அப்ப உன் கண்ணு எங்கடா போச்சு?" என்றேன்.

அவன் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றச் சொன்னான். பட்டறையில் ஒரே ஒரு பட்டைத் தகட்டில் துளை போட்டு, அதையே எல்லாச் சட்டத்தின்மேலும் வைத்துப் புதிதாகத் துளைத்தான். இப்போது எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேர்ந்தது.

"இத மொதல்லயே செய்யறதுக்கு என்ன?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல" என்றான்.

மறுநாள் மேடை மிதந்தது. மலர்க்கொடி குங்குமத்தோடு தள்ளியே நின்றாள்.

"எங்கங்க வைக்க?"

"எங்க வேணா வை."

மாலையில் பருத்தியின் முதல் வரிசை நனைந்தது. தன் கையாலேயே செடி சாகப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"தண்ணிதான் வந்துட்டுதே, இப்ப எதுக்கு அழுவுற?" என்று கேட்டுவிட்டு, ராசாங்கம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.