சாய்த்துப்போட்ட பதினேழு கற்கள்

டோரீன் ஹாக்ஸ்வொர்த் ஆஸ்கம்பி கிராமத்தின் தபால்காரி. ஆறு வருடமாக ஊர் மன்ற உறுப்பினரும்கூட. அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு உண்டு. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர்க்கூடத்தில் உட்கார்ந்து ஊஞ்சல், பஸ் நிறுத்தக் கூரை, இடுகாடு என்று பேசிவிட்டு வருவாள். கூட்டக் காகிதங்களை வரி விடாமல் படிப்பவள் என்று பெயரெடுத்திருந்தாள். மார்ச் மாதம் மட்டும், மழையில் அலைந்த அலுப்பில், படிக்காமலே போய்க் கை தூக்கிவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு நாள் தபாலோடு போனபோது ஆல்ஃபி கிரேக் கிழவர் வாசலை மறித்து நின்றார்.

“என் பொண்டாட்டி கல்லைத் தள்ளிப் போட்டிருக்கீங்க. நீயும் கை தூக்கினியாமே?”

“என்ன சொல்றீங்க ஆல்ஃபி?”

“போய்ப் பாரு. பாத்துட்டு வந்து பேசு.”

இடுகாட்டில் பதினேழு கல்லறைக் கற்கள் ஈரப்புல்லில் படுத்துக் கிடந்தன. ஆல்ஃபியின் மனைவி ஐவியின் கல் இரண்டாக உடைந்திருந்தது.  டோரீன் வீட்டுக்கு வந்து மார்ச் மாதக் கூட்டக் காகிதத்தைப் புரட்டினாள். ஒன்பதாவது விஷயம்: ஆட்டங்கண்ட கற்களைப் பாதுகாப்புக்காகச் சாய்த்தல். அன்று கூட்டத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லை.

மன்றத் தலைவர் நைஜல் பிரெட்டிமனுக்குப் போன் போட்டாள்.

“குடும்பங்களுக்கு ஏன் சொல்லலை?”

“முகவரிக்கு எங்க போறது டோரீன்? குழந்தைங்க மேல விழுந்தா யார் பதில் சொல்றது?”

“முகவரியா? இந்த ஊர்ல ஒவ்வொரு கதவும் எனக்குத் தெரியும்! ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? உடனே கூட்டத்தைக் கூட்டுங்க.”

“மே மாசம் பாக்கலாம். நீங்களும்தானே கை தூக்கினீங்க?”

அவள் போனை வைத்துவிட்டாள். தலைவர் மறுத்தால் இரண்டு உறுப்பினர்களே கூட்டத்தைக் கூட்டலாம். மன்றத்தில் இன்னொரு உறுப்பினரான ரொட்டிக்கடை பெரில் மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிவிட்டு, வேலை நேரம் முடிந்தபின் பதினேழு குடும்பங்களையும் தேடிப் போய் டோரீன் தகவல் சொன்னாள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. நைஜல் பாதுகாப்பு விதிகளைப் படிக்கத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது. டோரீன் எழுந்தாள்.

“காகிதத்தைப் படிக்காம கை தூக்கினேன். தப்பு என்னோடது. மத்தவங்கள்ல யாரு படிச்சீங்க? சொல்லுங்க!”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இப்போது காகிதத்தைப் புரட்டினார்கள்.

“செத்தவங்களைப் பாத்துக்கன்னு ஊரு நம்மகிட்ட விட்டுருக்கு. அதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியலைன்னா எதுக்கு இந்த நாற்காலி?”

கற்களை மன்றச் செலவிலேயே நிறுத்துவது, இனி குடும்பத்தாரைக் கேட்காமல் தொடுவதில்லை என்று ஐந்துக்கு இரண்டு என்ற வாக்குகளில் தீர்மானமானது. ஐவிக்குப் புதுக் கல் தருவதாக நைஜல் சொன்னார்.

“உன் கல்லு யாருக்கு வேணும்? அது நான் பாத்துப் பாத்து எடுத்தது. அதையே ஒட்டு,” என்றார் ஆல்ஃபி.

ஒட்டினார்கள். ஐவியின் பெயருக்குக் குறுக்கே விரிசல் தெரிகிறது. டோரீன் மன்றத்தை விட்டு விலகவில்லை. ஆல்ஃபியும் அவளை மன்னிக்கவில்லை. அவள் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. கதவிலிருக்கும் துளை வழியாகத் தபாலைத் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.